கம்ப்யூட்டர் பவர் சப்ளை: வோல்டேஜ் ஆடாமல் நிற்க எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, கேம் ஓடும்போது திரை கறுத்துப்போகிறது, ஹார்ட் டிஸ்க் 'டக்' என்று நின்று மறுபடி சுற்றுகிறது. உடனே பலர் செய்வது, சும்மா கிடக்கும் இன்னொரு பவர் சப்ளையை எடுத்து மஞ்சள் ஒயரை (12 வோல்ட்) மஞ்சளோடும் கறுப்பு ஒயரை (தரை) கறுப்போடும் முறுக்கிவிடுவது. அதை மட்டும் செய்யாதீர்கள். இரண்டு பவர் சப்ளையைச் சேர்ப்பது என்றால் சுமையை இரண்டாகப் பிரிப்பது. 12 வோல்ட் லைன்களை ஒன்றாக இணைப்பதல்ல. காரணம் 7-ஆம் பகுதியில் வருகிறது.

வோல்டேஜ் இறங்கும் இடங்கள் மூன்று: சுவர் பிளக், பவர் சப்ளையின் உள்ளே, அதிலிருந்து வெளியே வரும் ஒயர். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மியான்மரின் யாங்கோனில் பழுதுக்கு வரும் கம்ப்யூட்டர்களில் கோளாறு முதல் இடத்திலோ மூன்றாவது இடத்திலோ இருக்க, ஜனங்கள் இரண்டாவதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் பாதிப் பேருக்கு இரண்டாவது பவர் சப்ளையே தேவைப்படாது.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

600 வோல்ட் தாங்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், நுனி மெல்லியதாக உள்ள புரோப்களோடு. 12 வோல்ட் கார் பல்பு இரண்டு: ஒன்று 21 வாட், ஒன்று 55 வாட். அலுமினிய உறை போட்ட 4.7 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் ஒன்று. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று, இரண்டு காலிலும் இன்சுலேஷன் உள்ள ஒயர் பற்றவைத்து. 12 வோல்ட் ரிலே ஒன்று, 1என்4007 டயோடு ஒன்று. எர்த் இணைக்க 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒரு மீட்டர். சால்டரிங் அயர்ன், ஹீட் ஷ்ரிங்க் குழாய்.

இரண்டாவது பவர் சப்ளை செகண்ட் ஹேண்டாக வாங்குவதானால் கனெக்டரைப் பார்த்து வாங்குங்கள். டெல், எச்பி, லெனோவோ அலுவலக மெஷின்களிலிருந்து கழற்றி விற்பவற்றில் பல 12 வோல்ட் மட்டும் தருபவை. மதர்போர்டில் செருகும் 24 பின் கனெக்டரே இருக்காது. 1990-களின் கடைசியில் வந்த டெல் பவர் சப்ளைகளில் கனெக்டர் ஏடிஎக்ஸ் (சாதாரண மேஜைக் கம்ப்யூட்டர்களின் பவர் சப்ளைத் தரம்) போலவே இருக்கும், உள்ளே ஒயர் வரிசை வேறு. சாதாரண மதர்போர்டில் செருகினால் போர்டு போய்விடும்.

2. சுவரில் எவ்வளவு வருகிறது

நாட்டில் சொல்லப்படும் அளவு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சாயங்காலம் தெரு முழுக்க ரைஸ் குக்கரும் ஏசியும் ஓடும்போது என்ன வருகிறது என்பதே கேள்வி. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து காலை, மதியம், இரவு எட்டு மணி என மூன்று வேளை அளந்து எழுதி வையுங்கள். கம்ப்யூட்டர் முழு வேகத்தில் ஓடும்போதும் ஒருமுறை அளக்க வேண்டும். அப்போது 10 வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் கோளாறு எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ வீட்டு ஒயரிங்கிலோ இருக்கிறது.

லேபிளில் "100–240" என்று இருந்தால் அந்தப் பவர் சப்ளை 150 வோல்ட்டிலும் ஓடும். ஆனால் இழுக்கும் ஆம்பியர் கூடும். 300 வாட் தரும் பவர் சப்ளை 85 சதவீதத் திறனில் சுவரிலிருந்து ஏறக்குறைய 353 வாட் எடுக்கிறது. அது 230 வோல்ட்டில் 1.5 ஆம்பியர், 150 வோல்ட்டில் 2.35 ஆம்பியர். உள்ளே வரும் பக்கம் அந்த அளவுக்குச் சூடேறும். இந்த வகைக்கு ஸ்டெபிலைசர் அநேகமாக வேண்டாம். ரிலே வகை ஸ்டெபிலைசர் 'டிக் டிக்' என்று மாறும் ஒவ்வொரு முறையும் சில மில்லிசெகண்ட் கரண்ட் அறுபடும். இல்லாத தொல்லையை வாங்கி வைப்பதாகிவிடும்.

பின்புறம் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் உள்ள பழைய வகைக்கு ஸ்டெபிலைசர் கட்டாயம் தேவை. இங்கே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. வோல்டேஜ் 140-க்கு இறங்கியதும் மெஷின் ஆன் ஆகவில்லை என்று அந்த ஸ்விட்சை 115-க்குத் தள்ளுகிறார்கள். மெஷின் ஓடும். அந்த நிலையில் உள்ளே வோல்டேஜ் இரட்டிப்பாகிறது: 140 × 1.414 × 2, அதாவது 396 வோல்ட். தலா 200 வோல்ட் தாங்கும் இரண்டு கெபாசிட்டர்கள் அப்போதே விளிம்பில் நிற்கின்றன. இரவு பத்து மணிக்கு லைன் 230-க்கு ஏறினால் அது 650 வோல்ட். கெபாசிட்டர் வெடிக்கும். அந்த ஸ்விட்சை 230-இல் வைத்து மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.

கையால் திருகும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மருக்கும் இதே புத்திமதிதான். இரவில் ஏற்றி வைத்ததை மறந்து தூங்கினால் காலையில் 280 வோல்ட் உள்ளே போகும்.

3. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அளப்பது

பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போது வரும் அமைப்புத் திரை) தெரியும் வோல்டேஜை நம்பி முடிவெடுக்காதீர்கள். மதர்போர்டு சென்சர் அரை வோல்ட் தப்பாகக் காட்டுவது சாதாரணம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரின் பின்பக்கம், ஒயர் நுழையும் துளையில் புரோப் நுனியைச் செருகி அளக்க வேண்டும். கறுப்பு புரோப்பை அதே கனெக்டரின் கறுப்பு ஒயரில் வையுங்கள். கேஸ் தகட்டில் வைத்தால் தரை ஒயரின் இறக்கம் கண்ணுக்குத் தெரியாது.

ஏடிஎக்ஸ் விதிப்படி 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். மஞ்சள் (12 வோல்ட்) 11.40 முதல் 12.60 வரை, சிவப்பு (5 வோல்ட்) 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சு (3.3 வோல்ட்) 3.14 முதல் 3.47 வரை. சும்மா இருக்கும்போது ஓர் அளவு. ஓசிசிடி அல்லது ஃபர்மார்க் (மெஷினுக்கு முழுச் சுமை தரும் சோதனை மென்பொருள்) போட்டு பத்து நிமிடம் கழித்து இன்னோர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 11.7-இல் அசையாமல் நிற்கும் பவர் சப்ளை, 12.4-க்கும் 11.6-க்கும் இடையே ஆடுவதைவிட நல்லது.

அடுத்து, அதே சுமையில் இரண்டு இடத்தில் அளங்கள்: பவர் சப்ளையிலிருந்து ஒயர் வெளியே வரும் இடத்துக்கு மிக அருகில் உள்ள கனெக்டரில் ஒன்று, கிராபிக்ஸ் கார்டில் செருகிய இடத்தில் ஒன்று. முதலாவதில் 12.0 இருந்து இரண்டாவதில் 11.5 இருந்தால் பவர் சப்ளையில் குற்றமில்லை. ஒயரைப் பாருங்கள்.

மீட்டர் காட்டுவது சராசரி. அதன் மேலே நெளியும் ரிப்பிள் அதில் தெரியாது. 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட், 5-இலும் 3.3-இலும் 50 மில்லிவோல்ட் வரை அனுமதி. அதைச் சரியாகப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும்; புரோப் நுனியில் 10 மைக்ரோ ஃபாரட், 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர்களைப் போட்டு, 20 மெகாஹெர்ட்ஸ் வரம்பில் அளப்பது முறை. கையடக்கமான மலிவு ஸ்கோப்கள் இந்த வேலைக்குப் போதாது.

4. ஒயரும் கனெக்டரும்

சாதாரண 18 கேஜ் ஒயர் மீட்டருக்கு 0.021 ஓம். 60 சென்டிமீட்டர் ஒயரில் மின்னோட்டம் போய்த் திரும்ப 1.2 மீட்டர், அதாவது 0.025 ஓம். 10 ஆம்பியர் ஒரே ஜோடி ஒயரில் போனால் கால் வோல்ட் அங்கேயே காணாமல் போகிறது, கனெக்டரின் இறக்கம் தனி. ஆகவே ஒரு கேபிளில் இரண்டு தலை உள்ளதை எடுத்து கார்டின் இரண்டு 8 பின்னிலும் செருகாதீர்கள். தனித்தனிக் கேபிள் இரண்டு போடுங்கள். பல மெஷின்களில் இது ஒன்றே போதும்.

சாட்டாவிலிருந்து (ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் தட்டையான கனெக்டர்) கிராபிக்ஸ் கார்டுக்கு 6 பின் எடுக்கும் அடாப்டரைக் குப்பையில் போடுங்கள். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், தலா 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். 6 பின் கனெக்டர் 75 வாட் கேட்கும். பிளாஸ்டிக் உருகிய பிறகுதான் பலர் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள்.

மழைக்காலத்தில் பின்கள் கறுத்துவிடும். ஜூனில் நன்றாக ஓடிய மெஷின் செப்டம்பரில் தடுமாறினால் எல்லாக் கனெக்டரையும் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் அடித்து, நான்கைந்து முறை செருகி எடுத்து, மறுபடி அளங்கள். மஞ்சளாகி இறுகிய கனெக்டர் சூடுபட்டது. அதைச் சுத்தம் செய்து பயனில்லை, வெட்டி மாற்ற வேண்டும்.

இன்னொன்று. கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளைகளில் ஒன்றின் கேபிளை இன்னொன்றில் போடாதீர்கள். கம்ப்யூட்டர் பக்கத்துத் தலை எல்லாவற்றிலும் ஒன்று. பவர் சப்ளை பக்கத்துத் தலைக்கு விதி எதுவும் கிடையாது. செருகினால் சரியாகவே உட்காரும், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வந்து ஹார்ட் டிஸ்க் கருகும். இரண்டு பவர் சப்ளை வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த விபத்து அதிகம். இரண்டின் கேபிளிலும் வேறு வேறு நிற டேப் சுற்றி வையுங்கள்.

5. மஞ்சள் இறங்கி, சிவப்பு ஏறினால்

சுமையில் மஞ்சள் 11.5, அதே நேரம் சிவப்பு 5.25-க்கு மேல் என்றால் அது பழைய பாணி. 12-ஐயும் 5-ஐயும் ஒரே காயிலில் சுற்றி, இரண்டையும் சேர்த்து ஒரே கட்டுப்பாட்டில் வைத்திருப்பார்கள். இன்றைய கம்ப்யூட்டர் பெரும்பாலும் 12-ஐத்தான் இழுக்கிறது, 5-ஐ மிகக் குறைவாகவே தொடுகிறது. கட்டுப்பாட்டுச் சர்க்யூட் இரண்டின் நடுவில் ஒரு சமரசம் செய்கிறது: ஒன்று தாழ்கிறது, மற்றது உயர்கிறது.

5 வோல்ட்டில் சும்மா ஒரு சுமை வைத்தால் சிவப்பு கீழே வரும், கட்டுப்பாடு இரண்டையும் தூக்கும், மஞ்சள் ஏறும். 4.7 ஓம் ரெசிஸ்டரைக் கேஸின் இரும்புத் தகட்டில் ஹீட் சிங்க் பசை தடவித் திருகி, ஒயரை ஒரு மோலெக்ஸ் கனெக்டரின் (பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கான 4 பின் கனெக்டர்) சிவப்பிலும் கறுப்பிலும் இணையுங்கள். 1.06 ஆம்பியர், 5.3 வாட். பவர் சப்ளையைத் திறக்கவே தேவையில்லை.

போதவில்லை என்றால் இன்னொன்று, அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேலும் வீணாக்கித்தான் ஓட வேண்டிய பவர் சப்ளையை மாற்றிவிடுவதே மலிவு. 5 வோல்ட்டை 12-லிருந்து தனிச் சிறு போர்டில் செய்யும் புதிய வகைக்கு இந்த வைத்தியம் எந்தப் பலனும் தராது.

12 வோல்ட் லைனின் முடிவில் 10,000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைத் தொங்கவிடச் சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சுமை 10 ஆம்பியர் கூடினால் அந்தக் கெபாசிட்டர் ஒரு மில்லிசெகண்டில் 1 வோல்ட் இறங்கிவிடும். இறக்கத்தை அது தாங்காது. ஆன் செய்யும் கணத்தில் ஷார்ட் போலத் தெரிந்து பவர் சப்ளை கிளம்ப மறுக்கவும் கூடும்.

6. பவர் சப்ளையைத் திறப்பவர்களுக்கு மட்டும்

ஏசி பக்கத்தில் வேலை செய்து பழக்கமில்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள். உள்ளே பெரிய கெபாசிட்டரில் 325 முதல் 400 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் நிற்கும்.

பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் விட்டு, மூடியைத் திறந்து, 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை அந்தக் கெபாசிட்டரின் இரு காலிலும் அரை நிமிடம் பிடியுங்கள். இன்சுலேஷனை மட்டும் பிடியுங்கள், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வையுங்கள். பிறகு மீட்டரில் அளந்து 5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் தொடலாம். ஸ்க்ரூ டிரைவரை வைத்து 'பட்' என்று ஷார்ட் செய்வது கெபாசிட்டருக்கும் கண்ணுக்கும் கேடு.

வெளியீட்டுப் பக்கத்தில் தலை உப்பிய, கசிந்த கெபாசிட்டர்களை மாற்றுங்கள். 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) வகை. 12 வோல்ட்டுக்கு 16 வோல்ட் தாங்குவது, 5-க்கும் 3.3-க்கும் 10 வோல்ட் தாங்குவது. மைக்ரோ ஃபாரட் அளவைப் பழையதுபோலவே வையுங்கள். கெபாசிட்டரில் போலிச் சரக்கு நிறைய நடமாடுகிறது. எடை குறைவாக, பிளாஸ்டிக் உறை தளர்வாக இருந்தால் வாங்க வேண்டாம்.

உப்பாததையும் ஒன்றை மாற்ற வேண்டும். பழைய மலிவு வகைகளில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை சர்க்யூட்டின் ஏசி பக்கம், சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு சிறிய கெபாசிட்டர் இருக்கும், 10 முதல் 47 மைக்ரோ ஃபாரட். அது வற்றினால் ஊதா ஒயரில் 5-க்குப் பதில் பல வோல்ட் கூடுதலாக வந்து மதர்போர்டைக் கொல்லும். மெஷின் ஆஃப் ஆகியிருக்கும்போதும் அந்த லைன் உயிரோடு இருப்பதால் அதுதான் முதலில் கிழடு தட்டும்.

வெளியீட்டு வோல்டேஜை நிர்ணயிக்கும் ஃபீட்பேக் ரெசிஸ்டரை மாற்றி 12-ஐ 12.5 ஆக்கும் வேலையைப் பரிந்துரைக்க மாட்டோம். ஆடுகிற வோல்டேஜ் உயரத்தில் போய் ஆடும், அவ்வளவுதான். கூடவே ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பும் சம்பந்தமில்லாத நேரத்தில் வெட்டும்.

7. இரண்டாவது பவர் சப்ளை: எதை எதில் மாட்டுவது

முதலில், ஏன் மஞ்சளோடு மஞ்சள் சேரக்கூடாது? ஒன்று 12.10, மற்றது 12.02 என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக உள்ளது ஏறக்குறைய முழுச் சுமையையும் தூக்கும். மற்றது தன் வெளியீட்டில் ஏற்கெனவே வோல்டேஜ் இருப்பதைப் பார்த்துச் சும்மா இருக்கும். தூக்கியது களைத்து வெட்டினால் மற்றது ஒரே கணத்தில் எல்லாவற்றையும் ஏற்க வேண்டும், அதுவும் வெட்டும். சில சர்வர் பவர் சப்ளைகளில் சுமையைச் சமமாகப் பகிர்வதற்கென்றே தனிப் பின் உண்டு. ஏடிஎக்ஸ் வகையில் கிடையாது.

24 வோல்ட் வேண்டுமென்று இரண்டைத் தொடராகப் போடுவதும் ஆகாது. இரண்டின் கறுப்பும் தகடு வழியாக எர்த்தில் சேர்ந்திருப்பதால் ஒன்று நேராக ஷார்ட் ஆகும்.

முதல் பவர் சப்ளையில் 24 பின், சிபியூவின் 8 பின், இயங்குதளம் உள்ள டிஸ்க். இரண்டாவதில் மற்ற ஹார்ட் டிஸ்க்குகள், ஃபேன்கள், பம்ப். இவை யோசிக்காமல் மாற்றக்கூடியவை.

கிராபிக்ஸ் கார்டுதான் சிக்கல். ஸ்லாட் வழியாக 75 வாட் வரை மதர்போர்டிலிருந்து எடுக்கும், மீதியை 6 பின், 8 பின் வழியாக. பெரும்பாலான கார்டுகள் உள்ளே இந்த இரண்டையும் கலப்பதில்லை, எல்லாக் கார்டும் அப்படி இல்லை. கார்டைக் கழற்றி மேஜையில் வைத்து, ஸ்லாட் பற்களில் 12 வோல்ட் உள்ள பி1, பி2-க்கும் 8 பின்னின் மஞ்சளுக்கும் இடையே ஓம் அளங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் இரண்டும் ஒன்று. அந்தக் கார்டை இரண்டாவதில் மாட்டக் கூடாது. மாட்டலாம் என்றால் அதன் எல்லா 8 பின்னும் ஒரே பவர் சப்ளையிலிருந்து வர வேண்டும். ரைசர் (கார்டைத் தள்ளி வைக்க உதவும் ஸ்லாட் நீட்டிப்பு) போட்டால் ரைசரும் கார்டும் ஒரே பவர் சப்ளையில்.

8. எர்த்தைப் பிளக் செருகும் முன்பே இணையுங்கள்

இரண்டு பவர் சப்ளையின் தகட்டையும் திருகோடு திருகு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரால் இணையுங்கள். பெயிண்டைச் சுரண்டிவிட்டுத் திருகுங்கள். கூடவே ஒரு மோலெக்ஸ் கறுப்பை மற்றதன் கறுப்போடு சேருங்கள்.

இதற்கு இங்கே தனிக் காரணம் இருக்கிறது. பழைய கட்டடங்களில் பிளக்கில் எர்த்தே இருக்காது. இருந்தாலும், மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டரில் அது அறுந்துபோகும். எர்த் இல்லாத பவர் சப்ளையின் தகட்டில் உள்ளே உள்ள ஃபில்டர் காரணமாகப் பாதி லைன் வோல்டேஜ், சுமார் 115 வோல்ட், மெல்லியதாக நிற்கும்; தொட்டால் சுருக்கென்று இருக்கும். அப்படி மிதக்கும் ஒன்றைக் கடைசியில் சாட்டா டேட்டா கேபிள் வழியாக இன்னொன்றோடு இணைத்தால், அந்த அதிர்ச்சி டிஸ்க்கின் போர்டு வழியாகப் போகும். தரை ஒயர் முதலில், டேட்டா கேபிள் பிறகு, பிளக் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இருக்க வேண்டும்.

9. இரண்டும் சேர்ந்து எழுவது

24 பின்னில் 16-ஆம் பின், பச்சை ஒயர், ஆன் செய்யும் லைன். அதைக் கறுப்போடு சேர்த்தால் பவர் சப்ளை எழும். பேப்பர் கிளிப்பைச் செருகி இரண்டாவதை நிரந்தரமாக ஆன் செய்து வைப்பது வழக்கமான குறுக்கு வழி. மதர்போர்டு தூங்கும்போது கார்டுக்கு மட்டும் 12 வோல்ட் போய்க்கொண்டிருப்பது நல்லதல்ல.

இரண்டு பச்சையையும் சேர்த்துக் கட்டுவதும் வேலை செய்யும். ஆனால் ஒன்றின் பிளக் மட்டும் கழன்றால், செத்த பவர் சப்ளை பச்சை லைனைக் கீழே இழுத்து மற்றதை ஆஃப் ஆகவிடாமல் செய்யக்கூடும்.

ரிலேதான் ஒழுங்கான வழி. முதலாவதன் மோலெக்ஸில் மஞ்சளும் கறுப்பும் ரிலே காயிலுக்கு. காயிலின் குறுக்கே டயோடு, கோடு போட்ட முனை மஞ்சள் பக்கம். ரிலேயின் காமன், நார்மலி ஓப்பன் முனைகள் இரண்டாவதன் பச்சைக்கும் கறுப்புக்கும். முதலாவது எழுந்த பிறகே இரண்டாவது எழும், முதலாவது விழுந்தால் அதுவும் விழும். இரண்டும் ஒரே கணத்தில் கிளம்பாததால் சிறிய இன்வெர்ட்டரும் திணறாது. சாட்டாவிலோ மோலெக்ஸிலோ செருகும் சிறு போர்டாக இதையே செய்து விற்கிறார்கள்; உள்ளே இருப்பது இதே ரிலேதான்.

10. கம்ப்யூட்டரை மாட்டுவதற்கு முன் சோதனை

இரண்டாவதில் முதலில் 21 வாட் பல்பை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். பிறகு 55 வாட். குளிர்ந்த பல்பு ஆன் ஆகும் கணத்தில் பல மடங்கு இழுக்கும், அதனால் ஒருமுறை வெட்டினால் பயப்பட வேண்டாம். பல்பு சூடாக இருக்கும்போதே மறுபடி முயலுங்கள். பத்து நிமிடத்தில் 12 வோல்ட் 0.1-க்கு மேல் நகரக் கூடாது.

பிறகு கம்ப்யூட்டரை மாட்டி முழுச் சுமையில் மூன்று அளவு: முதலாவதன் மஞ்சள், இரண்டாவதன் மஞ்சள், இரண்டின் கறுப்புகளுக்கும் இடையே. இரு மஞ்சளுக்கும் 0.3 வோல்ட் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை, அவை எங்கும் சேரவில்லை. கறுப்புக்கும் கறுப்புக்கும் இடையே 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 100-ஐத் தாண்டினால் தரை ஒயர் சரியில்லை, பெயிண்ட் சுரண்டாத திருகைத் தேடுங்கள்.

11. கரண்ட் போய் வரும் வீடுகளில்

ஏடிஎக்ஸ் பவர் சப்ளை லைன் அறுந்த பிறகு 16 மில்லிசெகண்ட் அளவுக்குத் தாங்க வேண்டும். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். முழுச் சுமையில் மலிவு வகைகள் அதையும் தாங்காது. சுமையைப் பாதியாகப் பிரித்தால் தாங்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியில் ரீஸ்டார்ட் ஆன மெஷின், இரண்டாவது பவர் சப்ளை போட்டதும் நின்றுவிடுவது இதனால்தான். இரண்டில் முதலில் விழுவது எதுவோ அதுதான் கணக்கு. சுமையை வாட்டில் சமமாக அல்ல, ஒவ்வொன்றின் தகுதிக்கேற்பப் பிரியுங்கள்.

சைன் அலை தராத மலிவு யூபிஎஸ், ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து இழுக்கும் மின்னோட்டத்தைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள பவர் சப்ளையோடு சண்டை போடக்கூடும். பேட்டரிக்கு மாறிய கணமே மெஷின் அணைந்தால், இதற்குப் பவர் சப்ளை மாற்றிப் பயனில்லை, யூபிஎஸ்ஸை மாற்ற வேண்டும்.

அணைகளில் தண்ணீர் வற்றும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் முதல் ஓரிரு நிமிடம் லைன் துள்ளும். தெரு ஜெனரேட்டரிலிருந்து லைனுக்கு மாறும்போதும் அப்படியே. பயாஸில் கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் அமைப்பை அணைத்துவிட்டு, எக்ஸ்டென்ஷன் ஸ்விட்சைக் கையால் போடுங்கள், மூன்று நிமிடம் கழித்து, மீட்டரில் 200 வோல்ட்டுக்கு மேல் நிலையாக நிற்பதைப் பார்த்த பிறகு.